எட்டரை சிஸ்டர் போடாத கையெழுத்து

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலை எட்டரைக்கு அவளுடைய ஸ்கூட்டர் முனையில் திரும்பும். பள்ளிக்கூட வேனுக்காக நிற்கும் தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள், அவளைப் பார்ப்பார்கள். எட்டரை சிஸ்டரே வந்தாயிற்று, இந்த வேன்காரன் எங்கே போய்த் தொலைந்தான் என்று திட்ட ஆரம்பிப்பார்கள். மழையோ வெயிலோ, அவள் இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை.

வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற, புண் கட்டுகிற, குழாய் மாற்றுகிற நர்ஸ் அவள். இந்த வேலையில் பதினொரு வருடம். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் பத்தொன்பது வருடம். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். படுத்த படுக்கையாக ஓர் அப்பா, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், வீட்டுக்கு ஒரே சம்பளம். மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தம்பிகள் நல்ல பிள்ளைகள்தான். கண்காணாத ஊர்களில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார்கள். இரண்டு பேரும் முதலில் கேட்பது, சாப்பிட்டியாக்கா என்றுதான். அவளும் சாப்பிட்டேன் என்பாள். சாப்பிடாத நாளிலும் அதே பதில்தான்.

சாவி செய்கிற கடைக்கு மேலே இரண்டு அறை அவளுக்கு. பகலெல்லாம் கீழே இரும்பு அராவுகிற சத்தம் கேட்கும். ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டால் அந்தச் சத்தம்கூடத் துணைக்கு இராது. வீட்டில் தட்டு நான்கு இருக்கிறது. அதில் மூன்று பெட்டிக்குள் இருக்கிறது.

லாரிக்காரர் வீடு அவளுடைய காலை வரிசையில் மூன்றாவது. முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர், வயது அறுபத்தொன்று, மனைவி போய் ஆறு வருடம். சர்க்கரை வியாதி அவருடைய கண்ணை முக்கால்வாசி தின்றுவிட்டது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. விரல் நுனிகளும் மரத்துவிட்டன. இன்சுலின் பேனாவைத் தானே திருகிப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பதினெட்டு யூனிட்டுக்குப் பதில் இருபத்தெட்டுக்குத் திருகிவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இனிமேல் இவர் ஊசியைத் தொடக்கூடாது, தினமும் காலையில் நர்ஸ் போய்ப் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். அப்படித்தான் எட்டரை சிஸ்டர் அந்த வீட்டுப் படி ஏறினாள்.

ஊசி போட்ட பிறகுதான் சாப்பாடு. அதனால் அவள் வரும்வரை அவர் வெறும் வயிற்றோடு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்தே, "வாங்க சிஸ்டர், நீங்க வந்தாத்தான் எனக்குச் சாப்பாடு" என்பார். வைத்தியக் கணக்கில் அது வெறும் உண்மை, அதில் ஒரு உள்ளர்த்தமும் கிடையாது. ஆனால் தனக்காக ஒருவர் சாப்பிடாமல் காத்திருப்பது அவளுடைய பிறவியில் அதுதான் முதல் தடவை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வீட்டில் அவளுக்கு இருபது நிமிட வேலை. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். கால் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். வயிற்றில் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊசி போட்டு, பத்து எண்ணி வெளியே எடுப்பாள். நோட்டில் எழுதுவாள். அந்த இருபது நிமிடமும் அவர் பேசிக்கொண்டேயிருப்பார். மலைப்பாதையில் பிரேக் போன கதை, மாம்பழ லோடு மூன்று நாள் வெயிலில் நின்று ஊரே மணத்த கதை, கிளீனர் தூக்கத்தில் எழுந்து லாரியைக் கழுவிய கதை. பாதிக் கதையில் நேரம் ஆகிவிடும். மீதி நாளைக்கு என்பார். அந்த நாளை என்ற வார்த்தையை அவள் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மற்ற வீடுகளுக்கெல்லாம் போவாள்.

நோயாளிகளில் ஆண்கள் எல்லோரையும் அவள் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். பெரியவர் என்றால் ஐயா, நடுவயது என்றால் அண்ணே, சின்னவன் என்றால் தம்பி. லாரிக்காரரையும் முதல் இரண்டு மாதம் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். மூன்றாம் மாதம் ஒரு நாள் அந்த அண்ணே தொண்டையில் சிக்கிக்கொண்டது. பிறகு வரவே இல்லை. ஒரு மனிதரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓட்டுவது லேசான காரியமில்லை. இங்கே பாருங்க, கையை நீட்டுங்க, கொஞ்சம் சாஞ்சுக்கங்க என்று வெறும் வினைச்சொல்லிலேயே காலம் தள்ள வேண்டும். அவள் தள்ளினாள். அவர் கவனித்தாரா என்று அவளுக்குத் தெரியாது.

வேறொன்றும் நடக்கவில்லை. வேலை இல்லாமல் நோயாளி வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நர்ஸுகளுக்கு விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் தெருவுக்கு வாய் இருக்கிறது. இருபது நிமிடம் அவளுக்குப் போதுமாக இருந்தது. போதும் என்று சொல்லிக்கொண்டாள் என்பதுதான் சரி.

இரண்டு வருடம் கழித்து ஆபீஸ் மேடம் அவளைக் கூப்பிட்டார். நர்ஸுகளுக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். சுவரில் வெள்ளைப் பலகை இருந்தது. அதில் நர்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் மூன்று பேர். முதலில் இருப்பது படுக்கைப் புண்ணோடு ஒரு பெண்மணி. லாரிக்காரருக்கு ஆறு மாதமாகச் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வீட்டில் காலை ஏழு மணியிலிருந்து ஒரு பணியாளர் இருக்கிறார், ஊசியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் இந்தப் புண்ணைப் பாருங்கள் என்றார் மேடம். நியாயமான பேச்சு. அவளும் சரி என்று தலையாட்டினாள்.

ஒப்படைப்பு என்பது சொல்லத்தான் சின்ன வார்த்தை. படிவம் நான்கு பக்கம். நர்ஸ் செய்கிற ஒரு வேலையை நர்ஸ் அல்லாத பணியாளரிடம் கொடுக்கலாம். ஆனால் அந்த ஒரு வேலை, அந்த ஒரு நோயாளிக்கு, அந்த ஒரு பணியாளர், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரருக்கும் இதே ஊசிதானே என்று போய்ப் போட முடியாது. தான் கற்றதை இன்னொரு பணியாளருக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. நர்ஸ் முதலில் செய்து காட்ட வேண்டும். பிறகு செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்று நாள் பிசகில்லாமல் செய்தால், ஏதாவது தப்பாகப் போனால் என்ன செய்வது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்து, நோயாளியிடம் அவர் வாயாலேயே சம்மதம் கேட்டு, அதன் பிறகுதான் கையெழுத்து. கையெழுத்துப் போட்டதோடு கை கழுவவும் முடியாது. அறுபது நாளைக்கு ஒரு முறை போய்ப் பார்த்து மறுபடி எழுத வேண்டும். கை மாறுவது வேலைதான். பொறுப்பு நர்ஸ் தலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு விதி அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போடு என்று எந்த நர்ஸையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆபீஸ் மேடமாலும் முடியாது, அவருக்கு மேலே இருக்கிறவராலும் முடியாது. பணியாளர் தயார் என்று நர்ஸின் மனதுக்குப் பட வேண்டும். நல்ல விதி. அவசரக் கையெழுத்துகளிலிருந்து நோயாளிகளைக் காப்பாற்ற வைத்த விதி. எட்டரை சிஸ்டர் அதற்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முன்பு ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். கம்பெனி மூடிய பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தாள். லாரிக்காரர் அவளைத் தையக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். வாழ்நாளெல்லாம் ஊசி பிடித்த கை, என் தொப்பையில் ஒரு தையல் போட்டால்தான் என்ன என்று கிண்டல் செய்வார். உண்மையில் அந்தக் கை அப்படித்தான் இருந்தது. நடுங்காது, அவசரப்படாது. இரண்டாம் நாளே பேனாவைத் திருகும்போது எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல், டிக் டிக் என்கிற சத்தத்தையும் வாய்க்குள் எண்ணினாள். எண்ணச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான் நடந்தது. முதல் வாரம், பஞ்சால் துடைத்த ஈரம் காய்வதற்குள் குத்திவிட்டாய் என்றாள் சிஸ்டர். காய்ந்துதான் இருந்தது. அடுத்த வாரம், மருந்தை உள்ளங்கையில் உருட்டியது போதவில்லை என்றாள். மூன்றாம் வாரம் சொல்ல ஒன்றுமே கிடைக்காமல், உன் முகத்தில் தைரியம் இல்லை என்றாள். மூன்று தடவையும் படிவத்தில் "இன்னும் பயிற்சி தேவை" என்று எழுதினாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவை மட்டும் வாசல்வரை பின்னால் வந்தாள்.

"நான் என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க சிஸ்டர். திருத்திக்கறேன்."

அவசரப்படாதே, எல்லாம் தானாக வரும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் மறுநாள் எட்டரைக்கு, நீங்க வந்தாத்தான் எனக்குச் சாப்பாடு என்ற குரல் கேட்டதும் குறுகுறுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. பலகையில் அந்தப் புண்காரப் பெண்மணியின் பெயர் முதல் இடத்திலேயே இருந்தது. ஆபீஸ் போகும்போதெல்லாம் அவள் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நான்காம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேம்பாலத்தின் மேல் சிமெண்டு ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. ஸ்கூட்டரைத் திருப்பக்கூட இடமில்லை. எட்டே முக்காலுக்குத் தையல்காரி போன் செய்தாள். ஐயாவுக்குப் பசிக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். இந்த இடத்தில் ஒரு நர்ஸ் சொல்ல வேண்டியது என்ன என்று எட்டரை சிஸ்டருக்குத் தெரியாததல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிக்காரர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வேறொரு நர்ஸ் அந்நேரம் ஒரு வீட்டில் இருப்பாள். ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் அவள் பத்து நிமிடத்தில் போய் ஊசி போட்டுவிடுவாள். வேலை முடிந்தது.

அவள் அந்தப் போனைப் போடவில்லை. வேறொருத்தி கை அங்கே படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அரை மணியில வந்துடறேன். காத்திருக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஒன்பதே காலுக்கு மறுபடி போன் வந்தது. இதோ நகர ஆரம்பித்துவிட்டது என்றாள். நகரவில்லை. பத்து மணிக்கு மூன்றாவது போன். தையல்காரியின் குரல் தாழ்ந்திருந்தது. ஐயாவுக்கு வேர்க்கிறது, நான் ஊசி போட்டுச் சாப்பாடு கொடுக்கட்டுமா, நீங்கள் சரி என்றால் செய்கிறேன் என்றாள். கையெழுத்து இல்லாமல் நீ போடக்கூடாது என்று சிஸ்டர் சட்டென்று சொன்னாள். அது விதிப்படி சரியான பதில். வேர்க்கிறது என்ற சொல் அப்புறம்தான் அவள் காதில் ஏறிற்று. அவள் சர்க்கரையைப் பார்க்கச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. போன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள், யாரும் எடுக்கவில்லை.

ஒருவழியாகப் பாதை திறந்து, பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் அந்த வீட்டுக்குள் ஓடினாள். லாரிக்காரர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம் கிழிந்து, தையல்காரி வைத்த துணி சிவந்திருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டார். ராத்திரி போட்ட மாத்திரை, வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று இரக்கம் காட்டாது. அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கத் தையல்காரிக்கு ஏற்கனவே அனுமதி இருந்தது. பார்த்தாள். ஐம்பத்தொன்று. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கால் மணி கழித்து மறுபடி பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. பிறகு சாப்பாடு ஊட்டினாள். எல்லாவற்றையும் மணி போட்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தாள். பாடப்புத்தகம்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

சிஸ்டர் உட்கார்ந்து காயத்தைத் துடைத்தாள். இரண்டு வருடமாக அந்த மனிதரின் வயிற்றில் ஒரு சாண் இடமும் பத்துக் கால் விரல்களும்தான் அவளுடைய கைக்குத் தெரியும். முகத்தைத் தொடுவது இதுதான் முதல் தடவை. தொட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்த முகம். நெற்றி வேர்வையில் குளிர்ந்து கிடந்தது. இப்படித் தொடுவதற்கா அவ்வளவு நாள் ஆசைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டே காயத்துக்குக் கட்டுப் போட்டாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். கவிழ்ந்த வண்டி சிமெண்டு லோடாமே, நம்ம ஆளுங்க எவனோ தூங்கிட்டான்போல என்றார். தையல்காரி பாத்திரத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிராமலேயே பேசினாள்.

"அரை மணின்னு சொன்னீங்க சிஸ்டர். அவரும் நம்பினார், நானும் நம்பினேன்."

கோபமாகச் சொல்லியிருந்தாலும் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை அவள் ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். பாலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். சாட்சிக்கு ஊரே இருந்தது. அவள் அப்படி எழுதவில்லை. அருகிலிருந்த நர்ஸுக்குத் தகவல் சொல்லாதது என் தவறு என்று எழுதினாள். பணியாளர் மூன்று வாரமாகவே தகுதியோடு இருக்கிறார், நான்தான் கையெழுத்திடவில்லை என்று எழுதினாள். மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

"அந்த வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு மேடம். தினமும்."

மேடம் அவளைவிட நாலைந்து வயது பெரியவர். அறிக்கையை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, மெமோ கொடுப்பேன், வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். வாங்கிக்கொள்கிறேன் என்றாள் அவள். இதை நான் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மேடம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கடைசியில் "பணியில் தாமதம்" என்று எழுதினார்.

டாக்டர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். மாற்றினால் பயிற்சியும் முதலிலிருந்து. மறுபடி மூன்று நாள். தையல்காரி மூன்று நாளும் பிசகவில்லை, சிஸ்டரும் பிசகு தேடவில்லை. நான்காம் நாள் லாரிக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வந்திருந்தான். அப்பா விழுந்த கோபம் அவனுக்கு அடங்கவில்லை. சம்மதமா என்று அவள் அவரைப் பார்த்துக் கேட்க, அப்பாவுக்குச் சம்மதம்தான், நீங்க போடுங்க கையெழுத்தை என்று மகனே பதில் சொன்னான். அவர் மெல்லத் தலையசைத்தார். வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் வற்புறுத்தவில்லை. அவர் என்ன சொல்வார் என்று கேட்க அவளுக்கே தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டாள். ஊசி இனிமேல் காலை ஏழேகாலுக்கு என்று தையல்காரியிடம் நேரம் எழுதிக் கொடுத்தாள். அறுபது நாள் கழித்து வருகிறேன் என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அறுபது நாள் என்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று நாம் மற்றவர்களுக்குச் சொல்வோம். அவளுக்கு ஓடவில்லை. புண்காரப் பெண்மணி வீட்டுக்கு எட்டரைக்குப் போனாள். நல்ல பெண்மணி, புண் வாரத்துக்கு வாரம் சுருங்கியது, அதில் சிஸ்டருக்கு நிஜமான சந்தோஷம் இருந்தது. ஆனால் கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே காது வேறெங்கோ போய்விடும். மாம்பழ லோடு கடைசியில் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவேயில்லை. இரண்டு தடவை ஸ்கூட்டர் தானாகவே பழைய தெரு முனைவரை போய்விட்டது. வேன் தாய்மார்கள், எங்கே சிஸ்டர் ஆளையே காணோம், உங்களை நம்பி நாங்கள் கடிகாரம்கூட வாங்கவில்லை என்றார்கள். சிரித்துவிட்டுத் திரும்பினாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், இந்நேரம் அவர் சாப்பிட்டிருப்பாரா என்று தோன்றும். வேண்டும் என்கிற ஆசை ஐம்பத்து மூன்று வயதில் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அறுபதாம் நாள் திங்கட்கிழமை. நாலரைக்கே விழித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டை இரண்டு தடவை தேய்த்தாள். தன் காலை வரிசைக்கு முன்னாலேயே, ஏழு மணிக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

லாரிக்காரர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். புருவத்தின் மேல் தழும்பு வெளுத்திருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டிருக்க வேண்டும், எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாங்க சிஸ்டர் என்றார். அதற்கு மேல் அந்தப் பழைய வாக்கியம் வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை. ஏழேகாலுக்குத் தையல்காரி கை கழுவிக்கொண்டு வந்தாள். மேற்பார்வைக்கு வருகிற நர்ஸ் நடுவில் கை வைக்கக் கூடாது. சிஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். உருட்டல், துடைப்பு, டிக் டிக் எண்ணிக்கை, ஊசி, பத்து எண்ணி எடுப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழரைக்கு அவர் முன்னால் தட்டு வந்தது. இரண்டு வருடம் தினமும் வந்துபோனவள், அவர் சாப்பிட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். எப்போதும் ஊசி போட்டதும் அடுத்த வீட்டுக்கு ஓடியவள்தானே. அவர் நன்றாகச் சாப்பிட்டார், பசி அறிந்து சாப்பிட்டார்.

தையல்காரி துணி உலர்த்தப் பின்பக்கம் போனாள். வேண்டுமென்றே போனாளோ என்னவோ. சிஸ்டர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"இவங்க ஊசி போடறதுல உங்களுக்குச் சம்மதமா? இந்தத் தடவை நீங்களேதான் சொல்லணும்."

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இல்லைன்னு சொன்னா என்ன ஆகும் சிஸ்டர்?"

"ஒப்படைப்பு ரத்தாயிடும். பழையபடி நானே வந்து போடணும்."

"தினமும்?"

"தினமும்."

சொல்லிவிடுங்கள், ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்லிவிடுங்கள், மேடமும் விதியும் மகனும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குள் ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கெஞ்சலை வாய்வரை வர விடவில்லை.

"எட்டரைக்குத்தானே வர முடியும்?"

"எட்டரைக்குத்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு வீடு இருக்கு."

அவர் தன் கைகளைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு ஏழு மணிக்கே பசிச்சுடும் சிஸ்டர். வண்டி ஓட்டின காலத்துலேர்ந்து அப்படித்தான். ரெண்டு வருஷமும் எட்டரை வரைக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நேரத்தை மாத்தியிருப்பாங்களே."

"மாத்தியிருப்பாங்க. ஏழு மணிக்கு வேற சிஸ்டர்தானே வந்திருப்பாங்க."

பின்பக்கம் துணி உதறும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு முகம் தெரியாது என்பதால் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அவர் காத்திருந்தது நிஜம்தான். ஊசிக்காக அல்ல, விதிக்காக அல்ல, அவளுக்காகத்தான், பசியோடு. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கா இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்?

அவர் விரலால் தேடித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சம்மதம்னு எழுதிக்கங்க. பட்டினி கிடந்து காத்திருக்கிற உடம்பு இல்ல இது. விழுந்து தொலைச்சா அந்தப் பாரமும் உங்களுக்குத்தான்."

அவள் சம்மதம் என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அடுத்த கட்டம், அடுத்த மேற்பார்வைத் தேதி. இன்றைக்கு ஐந்தாம் தேதி. அறுபது நாளைக் கணக்குப் போடப் பையிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்துப் புரட்டினாள். எண்கள் கலங்கித் தெரிந்தன.

"நாலாம் தேதி" என்றார் அவர், வாயில் வைத்த கவளத்தை விழுங்கிவிட்டு. "வெள்ளிக்கிழமை வருது."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.